மாமியாருக்கு மறதி கூடியது நோயாலா, மாத்திரையாலா?

கேள்வி: என் மாமியாருக்கு 78 வயது. அல்சைமர் நோய்க்கு டோனெபெசில் சாப்பிடுகிறார். அதன்பின் சிறுநீரை அடக்க முடியாமல் ஓடினார்; வேறொரு டாக்டர் ஆக்சிபியூட்டினின் எழுதினார். பத்து நாளாகச் சளிக்கும் கடையில் வாங்கிய மாத்திரை கொடுக்கிறோம். இப்போது வாய் வறள்கிறது என்கிறார், மலச்சிக்கல், மாலையானால் என்னையே யாரென்று கேட்கிறார். நோய் முற்றிவிட்டது என்கிறார் கணவர். பிரஷருக்கான மெட்டோப்ரோலால் எக்ஸ்.எல். மாத்திரையை விழுங்க மறுப்பதால் பொடித்துத் தயிர்சாதத்தில் கலக்கிறேன். சரிதானா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பொடிப்பதை இன்றே நிறுத்துங்கள், அம்மா. எக்ஸ்.எல். என்றால் நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கரைய வேண்டிய மருந்து. பொடித்தால் மொத்தமும் ஒரேயடியாக உடம்பில் இறங்கும். நாடித்துடிப்பைக் குறைக்கும் மருந்து அது, டோனெபெசிலும் குறைக்கும். மயங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் இந்த வயதில் எழுந்து நடப்பது கடினம். விழுங்க ஏற்ற மாற்று மருந்தை டாக்டரிடம் உடனே கேளுங்கள். நீங்களாக மெட்டோப்ரோலாலை நிறுத்திவிட வேண்டாம்.

அடுத்து, நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். நீங்கள் எழுதிய வரிசையிலேயே எனக்குச் சந்தேகம் எழுகிறது. நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சிதையாமல் காப்பது டோனெபெசிலின் வேலை. சிறுநீர்ப்பையைச் சுருங்க வைப்பதும் அதே அசிட்டைல்கோலின்தான். ஆகவே அந்த அவசரம் டோனெபெசிலின் பக்கவிளைவாக இருக்கலாம். அதை அடக்க வந்த ஆக்சிபியூட்டினின் அசிட்டைல்கோலினையே தடுக்கிறது, மூளைக்குள்ளும் போகிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிறோம். சளி மாத்திரைகள் பலவற்றில் இருக்கும் குளோர்பெனிரமினும் இதே ரகம். வாய் வறட்சி, மலச்சிக்கல், குழப்பம் மூன்றும் இந்த ரக மருந்துகளின் அடையாளங்கள்.

டாக்டர்கள் இருவரையும் நான் குறை சொல்லவில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்திருக்க மாட்டார். எல்லாச் சீட்டும் வந்து சேரும் இடம் மருந்துக் கடைதான். சளி மாத்திரையை எடுத்து நீட்டுமுன் "யாருக்கு, என்ன வயது, வேறென்ன சாப்பிடுகிறார்?" என்று அங்கே கேட்டிருக்க வேண்டும். அது மருந்தாளுநர்களாகிய எங்கள் கடமை. 2015-ஆம் ஆண்டின் மருந்தகப் பணி ஒழுங்குமுறைகளிலும் நோயாளிக்கு ஆலோசனை சொல்வது எங்கள் பொறுப்பாக இருக்கிறது. கேட்காத கடையில் நீங்களே சொல்லுங்கள், உரிமையோடு சொல்லுங்கள்.

வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், சிரப், சொட்டு மருந்து, நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக்கொண்டு பதிவு பெற்ற மருந்தாளுநரிடம் போங்கள். கூட்டம் குறைந்த மதிய வேளை நல்லது. எந்த மருந்து, எதற்கு, யார் எழுதியது, எப்போது தொடங்கியது என்று ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். மோதும் மருந்துகளை அவர் குறித்துக் கொடுப்பார். எதை நிறுத்துவது, எதை மெல்லக் குறைப்பது என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

டாக்டரிடம் போக ஒரு வாரம் காத்திருக்காதீர்கள். திடீர்க் குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்றும் காரணமாகலாம்; சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். சளி மாத்திரையை மட்டும் இன்றிரவே விட்டுவிடலாம்.