மில் கணக்கைப் புதிய நியமத்துக்கு மாற்ற எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கிளிநொச்சியில் குடும்பமாக அரிசி ஆலை நடத்துகிறோம். சில வருடங்களுக்கு முன் தனியார் கம்பனியாகப் பதிந்தோம். இதுவரை வருமான வரிக்கு என்றே கணக்கு எழுதி வந்தோம். புதிய உலர்த்தி வாங்கக் கடன் கேட்டபோது, 2027 மார்ச் 31இல் முடியும் ஆண்டின் கணக்கு, சிறிய மற்றும் நடுத்தர நிறுவனங்களுக்கான இலங்கை நிதி அறிக்கையிடல் நியமப்படி இருக்க வேண்டும் என்கிறது வங்கி. புதிய மென்பொருள் போட்டால் சரியா வரும் என்கிறார் மகன். சரிதானா?

பதில்: மென்பொருள் பிறகு பார்க்கலாம். முதலில் திகதியைப் பாருங்கள். 2027 மார்ச் கணக்கில் முந்தைய ஆண்டின் தொகைகளும் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த முந்தைய ஆண்டு தொடங்கிய 2025 ஏப்ரல் 1 தான் உங்கள் மாறும் நாள். அன்றைய ஐந்தொகையை, அதாவது சொத்து, பொறுப்பு, மூலதனம் காட்டும் கணக்கை, புதிய நியமப்படி எழுதி, பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை நிறுத்திவைத்த இலாபத்தில் (பங்காளருக்குப் பிரிக்காமல் கம்பனியிலேயே விட்ட இலாபத்தில்) சேர்க்க வேண்டும். அதாவது வேலை தொடங்கும் நாள் ஏற்கெனவே போய்விட்டது. இப்போது தேட வேண்டியது அன்றைக்கு என்ன இருந்தது என்பதற்கான ஆதாரத்தைத்தான்.

வன்னி ஆலைக்காரருக்கு இது லேசுப்பட்ட திகதி அல்ல. மார்ச் முடிவென்றால் காலபோக அறுவடை முடிந்த கையோடு களஞ்சியம் கூரை வரை நிறைந்திருக்கும் நேரம். வருடத்தின் மிகப் பெரிய இருப்பு அன்றுதான். கொள்வனவுத் துண்டுகள், தராசுப் பதிவு, களஞ்சியப் புத்தகம் மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு அன்றைய இருப்பைக் கட்டியெழுப்புங்கள். ஈர நெல்லாக வாங்கியது காய்ந்ததும் எடை குறையும். வாங்கிய கிலோவையே இருப்பாகக் காட்டினால், இல்லாத நெல்லை வைத்திருப்பதாகக் கணக்குச் சொல்லும். கிரயம் (அடக்கவிலை) அல்லது விற்றால் செலவு போக மிஞ்சும் தொகை, இரண்டில் குறைந்ததே இருப்பின் பெறுமதி. தவிட்டையும் உமியையும் விற்று வரும் சிறு தொகையை அரிசியின் கிரயத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. 2025 ஏப்ரலுக்கான மதிப்பீட்டைப் போடும்போது பின்னால் ஏறிய, இறங்கிய விலையை வைத்துத் திருத்தக் கூடாது. அன்றைக்குத் தெரிந்ததை வைத்தே போட வேண்டும். பழைய கணக்கில் பிழை கண்டால் நியம மாற்றத்தோடு கலக்காமல் தனியாகக் காட்டுங்கள்.

அடுத்தது இயந்திரம். வரிக்காக விரைவாகத் தேய்மானம் எழுதியதில் கொதிகலனும் பொலிஷரும் புத்தகத்தில் பூச்சியமாகியிருக்கும். ஆனால் தினமும் ஓடுகின்றன. போர்க் காலத்தில் பற்றுச்சீட்டுகளும் போயிருக்கலாம். இதற்கு வழி இருக்கிறது: மாறும் நாளில் அந்தச் சொத்தின் நியாயப் பெறுமதியை (அன்று சந்தையில் விற்றால் கிடைக்கும் விலையை) மதிப்பீட்டாளரிடம் எடுத்து, அதையே கிரயமாகக் கருதிக்கொள்ள நியமம் இடம் தருகிறது. எல்லா இயந்திரத்துக்கும் செய்ய வேண்டியதில்லை, பெரியவற்றுக்குப் போதும். ஆனால் அப்படிப் பெறுமதியை ஒரு கோடி ரூபா உயர்த்தினால், வரி வீதம் 30% என்று வைத்தால், 30 இலட்சம் பிற்போட்ட வரிப் பொறுப்பாக, அதாவது பின்னாளில் கட்ட வேண்டிய வரியாக, கூடவே வரும். முழு ஒரு கோடியும் மூலதனமாக ஏறும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆலை நிற்கும் காணி யாருடையது? அப்பாவின் பெயரில் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த அரச காணியென்றால், அது கம்பனியின் சொத்தாக ஐந்தொகையில் ஏறாது. நம் பக்கத்தில் பல ஆலைகள் இப்படித்தான் நிற்கின்றன. அந்தக் காணியைக் கம்பனி பயன்படுத்தும் ஏற்பாட்டை எழுத்தில் வைக்க வேண்டும். காணியைக் குத்தகைக்கு விட அனுமதிப்பத்திரம் இடம் தருகிறதா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அந்த ஏற்பாட்டைத் தொடர்புள்ள தரப்போடு (இங்கே அப்பாவோடு) செய்தது என்று கணக்கின் குறிப்பிலும் வெளிப்படுத்துங்கள். இதை மறைக்கும் கணக்கைவிடச் சொல்லும் கணக்கைத்தான் வங்கி நம்பும்.

பணிப்பாளர் போட்ட பணத்தையும் பாருங்கள். எப்போது கேட்டாலும் திருப்பிக் கொடுப்பது என்றால் அது நடைமுறைப் பொறுப்பு, அதாவது ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டிய கடன். குறுகிய காலச் சொத்து அந்தக் கடனுக்கு எத்தனை மடங்கு என்று சொல்லும் நடைமுறை விகிதம் சட்டென்று விழும். திருப்பிக் கேட்க இத்தனை வருடமாகும் என்று ஆண்டு முடிவதற்கு முன்பே ஒப்பந்தம் போட்டால் நிலை மாறும். முடிந்த பிறகு போட்டு முன்திகதி இடுவது மோசடி, செய்யாதீர்கள்.

விவசாயிகளுக்கு முன்பணமாகக் கொடுத்ததில் வராதவற்றுக்குப் பொதுவாக இத்தனை வீதம் என்று ஒதுக்கக் கூடாது. வராது என்பதற்கான சான்றைப் பார்த்தே குறைக்க வேண்டும். அடுத்தது, ஊழியர் விலகும்போது கொடுக்கும் பணிக்கொடை. 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்கானது. அதற்கு உரிமை வரும் ஐந்து வருடம் நிறையட்டும் என்று காத்திராமல், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே பொறுப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும். அதை எளிய முறையில் கணக்கிட நியமம் இடம் தருகிறது.

இன்னொன்று. சர்வதேசக் கணக்கியல் நியமச் சபை இந்த நியமத்தின் மூன்றாம் பதிப்பை 2025 பெப்ரவரியில் வெளியிட்டது. 2027 ஜனவரி 1இலோ பின்னரோ தொடங்கும் ஆண்டுகளுக்கு அது பொருந்தும். நீங்கள் மாறிய அடுத்த வருடமே இன்னொரு மாற்றம் வரலாம். இலங்கையில் நியமங்களை வெளியிடுவது பட்டயக் கணக்காளர் நிறுவகம். எந்தப் பதிப்பை எந்த ஆண்டுக்குப் பின்பற்றுகிறோம் என்று கணக்காய்வாளரிடம் எழுத்தில் வாங்கிவையுங்கள்.

மென்பொருளுக்கு வருவோம். 2025 ஏப்ரல் தொடக்க நிலுவைகளும் அவற்றின் ஆதாரங்களும் எக்ஸெலில் தெளிவாக நின்றால் எந்த மென்பொருளும் ஏற்றுக்கொள்ளும். இல்லாவிட்டால் பிழையை வேகமாகப் பதிவு செய்யும், அவ்வளவுதான். மகனுக்கு இப்போதைக்குக் கொள்வனவுத் துண்டு, தராசுப் பதிவு, களஞ்சியப் புத்தகம் மூன்றையும் ஒப்பிடும் வேலையைக் கொடுங்கள். வங்கி முகாமையாளரிடமும் இப்போதே பேசுங்கள், இலாபம் கூடியோ குறைந்தோ வரும் முதல் கணக்கை அவர் திடுக்கிட்டுப் பார்க்காமல் இருக்க.