பத்தாயிரம் ரூபாய்ப் பேய்

கேள்வி: கையில் காசில்லாமல் எடுத்த ஒரு பேய்ப் படத்தை எங்கள் வீட்டுப் பையன்கள் டிவியில் போட்டு, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு பார்க்கிறார்கள். பேய்க்கு ரப்பர் முகமூடி. கழுத்தில் அதன் ஓரம் தெரிகிறது. ரத்தம் என்று ஊற்றுவது சாயத் தண்ணீர். நடுவில் ஹீரோ கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பேயைப் போட்டு அடிக்கிறான். பயப்படுவதா, சிரிப்பதா, விசில் அடிப்பதா? எடுத்தவனுக்கே தெரியாது போலிருக்கிறது. வட சென்னைக்காரனுக்கு ரசனை இல்லை என்று ஊர் பேசுவது இதனால்தானே? போதாததற்கு என் தம்பி மகன், "நாங்களும் இதே மாதிரி ஒண்ணு எடுக்கிறோம் பெரியப்பா, பத்தாயிரம் கொடுங்க" என்கிறான். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கொடுங்கள். ஆனால் மொத்தமாகக் கொடுக்க வேண்டாம். அந்தக் கணக்கைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இந்த 'ரசனை இல்லை' விவகாரம். ஊர் பேசுகிறது என்கிறீர்கள். எந்த ஊர்? வட சென்னை என்றாலே அரிவாள், ஜெயில், சந்துக்குள் துரத்தல் என்று வருஷக்கணக்காகப் படமெடுத்து நம் தலையில் கட்டிக்கொண்டிருக்கிறதே, அந்த ஊரா? அந்தப் படங்களை முதல் நாளே பார்த்துவிட்டு "எங்க ஏரியாவை அப்படியே காட்டியிருக்கான்" என்று நாமும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம். அதில் நம் பையன் ஒன்று வெட்டுவான், இல்லையென்றால் வெட்டுப்படுவான். அப்போது வராத வெட்கம், அவன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பேயைத் துரத்தும்போது வருகிறது என்றால் எனக்கு விளங்கவில்லை. ஒரு மாறுதலுக்காவது அவனைப் போலீஸ் துரத்தாமல் பேய் துரத்தட்டுமே ஐயா.

முகமூடியின் ஓரம் உங்களுக்குத் தெரிந்தது. பையன்களுக்குத் தெரியாதா? உங்களுக்கு முன்னாடியே தெரிந்திருக்கும். தெரிந்ததால்தான் "இதை எப்படிடா பண்ணியிருப்பான்?" என்ற பேச்சு வருகிறது. பல கோடி ரூபாய் கிராபிக்ஸ் பேயைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்பதில்லை. கம்ப்யூட்டரில் பண்ணிவிட்டான் என்று அதோடு விட்டுவிடுவார்கள். சின்னப் படத்தைப் பார்ப்பவன் பாதி நேரம் பார்வையாளன், மீதி நேரம் அசிஸ்டென்ட் டைரக்டர். தானும் செய்து பார்க்கலாம் என்ற ஆசை அங்கேதான் பிறக்கிறது. உங்கள் தம்பி மகன் பத்தாயிரம் கேட்டதற்கு அதைவிடப் பெரிய சாட்சி எனக்கு வேண்டாம்.

பி. விட்டலாச்சார்யா 1978-இல் எடுத்த 'ஜகன்மோகினி' தெலுங்குப் படம்தான். தமிழ் பேசிக்கொண்டு இங்கேயும் வந்தது. உங்கள் வயதை நான் சரியாக ஊகித்திருந்தால் நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். பெண் பேய் அடுப்பில் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே வைத்துச் சமைக்குமே, நினைவிருக்கிறதா? அது நிஜக் கால் இல்லை என்று அன்றைக்கு டிக்கெட் வாங்கிய யாருக்குத் தெரியாது? ஆனாலும் நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கால் மறக்கவில்லை. அது பயமா, சிரிப்பா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தக் காட்சியில் செலவு குறைவு, யோசனை அதிகம்.

பயமும் சிரிப்பும் சேராது என்று உங்களுக்கு யார் சொன்னது? இரண்டுக்கும் சூட்சுமம் ஒன்றுதான்: காக்க வைப்பது. கதவு மெதுவாகத் திறக்கிறது. அந்தப் பக்கம் பேய் நின்றால் அலறல், வீட்டு ஓனர் வாடகை கேட்டு நின்றால் சிரிப்பு. ஒரு நொடி முன்னே பின்னே போனால் இரண்டுமே படுத்துவிடும். சண்டை எதற்கு என்றால், ஓடிக்கொண்டே இருக்கும் ஹீரோவை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? ஒரு கட்டத்தில் அவன் திரும்பி நிற்க வேண்டும். அமெரிக்காவில் சாம் ரெய்மி 1987-இல் எடுத்த 'ஈவில் டெட்' இரண்டாம் பாகத்தில் ஹீரோவின் கைக்குள்ளேயே பேய் புகுந்துவிடும். அவன் கையே தட்டுகளை எடுத்து அவன் மண்டையில் உடைக்கும். பொறுக்க முடியாமல் அந்தக் கையை வெட்டியெறிந்துவிட்டு, அந்த இடத்தில் மரம் அறுக்கும் ரம்பத்தை மாட்டிக்கொள்வான். ஆக்‌ஷன், பேய், காமெடி மூன்றும் ஒரே ஆளிடம். தட்டு உடையும் காட்சிக்குத் தேவைப்பட்டது ஒரு நல்ல நடிகனும் கொஞ்சம் தட்டும்தான்.

சரி, வெளிநாட்டுக் கதை எதற்கு? தண்டையார்பேட்டையில் குடியிருக்கும் உங்களுக்கு மயானக் கொள்ளையைப் பற்றி நான் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. மகா சிவராத்திரி முடிந்ததும் அங்காளம்மன் கோயிலிலிருந்து சுடுகாட்டுக்குக் கிளம்பும் கூட்டத்தில் காளி வேஷம் கட்டி வருபவர் யார் என்று தெருவுக்கே தெரியும். காலையில் டீக்கடையில் பார்த்த ஆள்தான். சாயம் காது ஓரத்தில் வழிந்திருக்கும், சவுரிமுடி ஒரு பக்கம் சரிந்திருக்கும். அவர் சூலத்தோடு நம் வாசலில் வந்து நின்று நாக்கைத் துருத்தினால் குழந்தை வீறிடுகிறது, அக்கா சிரிக்கிறாள், பாட்டி கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். மூன்று பேருக்கும் ஒரே வேஷம். 'எடுத்தவனுக்கே தெரியாது' என்று யாரும் அங்கே குறை சொல்வதில்லை. சாவு வீட்டில் ராத்திரி பாடும் கானாவும் அப்படித்தான். செத்தவரை நினைத்து அழ வைக்கிற பாட்டுக்காரர் அடுத்த வரியில் செத்தவரின் சேட்டையைச் சொல்வார். அழுதுகொண்டிருந்த சம்சாரமே சிரித்துவிடும். இந்த மண்ணில் வளர்ந்த பையனுக்குப் பயந்துகொண்டே சிரிக்க யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

இதற்காக நம் கோடம்பாக்கத்துப் பேய்க் காமெடிகளுக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 2007-இல் 'முனி', 2011-இல் 'காஞ்சனா' ஓடியதும் ஆளாளுக்கு ஒரு பங்களாவை வாடகைக்குப் பிடித்தார்கள். ஐந்து காமெடியன்கள், ஒரு கவர்ச்சிப் பாட்டு, பேய்க்கு ஒரு சோகமான ஃபிளாஷ்பேக், கடைசியில் கிராபிக்ஸ் அம்மன். சிரிப்பு எங்கே என்று தேடினால் குண்டானவரைக் கிண்டல், கறுப்பானவரைக் கிண்டல், புடவை கட்டிய ஆணைக் கிண்டல். இவற்றில் பலவற்றுக்குப் பணப் பஞ்சமே இல்லை. பணம் வந்ததும் யோசிப்பதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். மலிவாக எடுப்பது வேறு, சோம்பேறித்தனமாக எடுப்பது வேறு. கேவலமாக இருப்பதால்தான் ரசிக்கிறோம் என்று சிலர் ஸ்டைலாகச் சொல்வார்கள். அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேவலமான படம் பத்து நிமிடத்தில் கொட்டாவி வரவழைத்துவிடும். தன் ரப்பர் பேயை எடுத்தவன் முழுசாக நம்பியிருந்தால்தான் நமக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும்.

ஜப்பானில் ஷினிசிரோ உயேடா எடுத்த 'ஒன் கட் ஆஃப் தி டெட்' (2017) படத்துக்கு ஆன செலவு சுமார் 30 லட்சம் யென். பெயர் தெரியாத நடிகர்கள். 2018-இல் டோக்கியோவில் இரண்டே தியேட்டரில் வெளியாகி, 300 கோடி யென்னுக்கு மேல் வசூல் செய்தது. முதல் 37 நிமிடம் ஒரே ஷாட். பார்க்கும்போது மொக்கையாகத்தான் இருக்கும், நடிகர்கள் ஏன் இப்படி முழிக்கிறார்கள் என்று தோன்றும். அணைத்துவிடாதீர்கள். அதற்கு மேல் சொன்னால் படம் கெட்டுவிடும்.

ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். இந்தப் படங்களைத் தனியாகப் பார்க்க முடியாது. திரையில் நிற்பவனிடம் "பின்னாடி பார்றா டேய்!" என்று கத்த நாலு பேர் வேண்டும். உங்கள் பேட்டையின் அகஸ்தியா தியேட்டர் 2020-இல் மூடிவிட்டது. பெஞ்ச் டிக்கெட் கூட்டம் செய்த வேலையை இப்போது உங்கள் வீட்டு ஹாலில் பையன்கள் செய்கிறார்கள். விரட்டாதீர்கள்.

இனி பணம். முதலில் 4,000 கொடுங்கள். அதில் பாதி சட்டைக் காலரில் மாட்டும் மைக்குக்குப் போகட்டும். படம் மங்கலாக இருந்தால் பேய்ப் படம் என்று மன்னித்துவிடுவார்கள். வசனம் கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். ரத்தத்துக்குச் சாயத் தண்ணீர் வேண்டாம். 1968-இல் கறுப்பு வெள்ளையில் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' எடுத்த ஜார்ஜ் ரொமேரோ சாக்லேட் சிரப்பை ஊற்றினார். கலரில் எடுத்த ரெய்மிக்குச் சோளப் பாகு. நமக்குச் சர்க்கரைப் பாகும் சிவப்பு கேசரிப் பவுடரும் கொஞ்சம் கோகோ தூளும் போதும். எறும்பு வரும், பரவாயில்லை. பேய் பாய்ந்து வரும் ஷாட்டுக்கு ரெய்மி பெரிய கருவி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு மரச் சட்டத்தில் கேமராவைக் கட்டி, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பையன்கள் ஒரு ரீப்பர் கட்டையில் மொபைலைக் கட்டிக்கொள்ளட்டும். முகமூடிக்கும் கடைக்குப் போக வேண்டாம். நியூசிலாந்தில் ஒரு செய்தித்தாளில் போட்டோக்களை அச்சடிக்க பிளாக் செய்யும் வேலை பார்த்த பீட்டர் ஜாக்சன், தன் அம்மாவின் அடுப்பில்தான் முதல் படத்துக்கான முகமூடிகளைச் சுட்டெடுத்தார். வாரக் கடைசிகளில் எடுத்து முடிக்க நான்கு வருஷமானது. பிற்பாடு அவர் எடுத்த படம் ஒன்று 11 ஆஸ்கர் வாங்கியது. உங்கள் தம்பி மகனும் வாங்குவான் என்று நான் உத்தரவாதம் தரவில்லை.

மூலகொத்தளம் சுடுகாட்டில் எடுக்கிறோம் என்று கிளம்புவார்கள். வேண்டாம். 1939-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் அங்கேதான் இருக்கிறார்கள். அன்றாடம் நம் வீட்டுப் பிணங்களும் அங்கே போகின்றன. அழுதுகொண்டு வருபவர் எதிரில் ரப்பர் முகமூடியோடு நிற்பது காமெடி ஆகாது. மொட்டை மாடி போதும். துணி காயும் கொடியில் ஒரு வெள்ளை வேட்டி அசைந்தால் பாதிப் பேய் தயார்.

இன்னொன்று. அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டிய கத்தியாகவே இருந்தாலும், ராத்திரி பத்து மணிக்கு அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடச் சொல்லாதீர்கள். வேறு பேட்டையில் ஓடினால் ஷூட்டிங் என்பார்கள். இங்கே ஓடினால் ரோந்து வண்டி நிற்கும். அதற்கும் மேலே சொன்ன அரிவாள் படங்களுக்கும் சம்பந்தம் உண்டு. ஸ்டேஷனில் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். கூடப் பெரியவர் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பெரியவர் நீங்களாகவே இருங்களேன்.

அடுத்த 3,000 படப்பிடிப்பு முடிந்த பிறகு, சாப்பாட்டுக் கடனை அடைக்க. கடைசி 3,000-ஐக் கையிலேயே வைத்திருங்கள். எடிட் செய்த படத்தைத் தெருவில் பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டட்டும். சிரிக்க வேண்டிய இடத்தில் யாரும் சிரிக்கவில்லை என்றால், அந்தக் காட்சியை மட்டும் மறுபடி எடுக்க அந்தப் பணம்.