லடாக் போன மகனும் தரங்கம்பாடி போன மகளும்

கேள்வி: என் மகளுக்கு 26 வயது. கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை, தாம்பரத்தில் மகளிர் விடுதியில் தங்கியிருக்கிறாள். வீட்டுக்குப் பணம் அனுப்பத் தவறுவதில்லை. ஆனால் மீதிச் சம்பளம் முழுக்கப் புத்தகத்துக்கும் ஊர் சுற்றுவதற்குமே போகிறது. லீவு கிடைத்தால் வீட்டுக்கு வராமல் தனியாகவோ தோழியுடனோ கிளம்பிவிடுகிறாள். போன மாதம் ஒரு பழைய கோட்டையைப் பார்க்க இரண்டு பஸ் மாறித் தரங்கம்பாடி போயிருக்கிறாள். பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், ‘பொண்ணு எப்பவும் புத்தகமும் கையுமாத்தான் இருக்குமோ?’ என்று கேட்டுவிட்டார்கள். அவள் அண்ணன் பைக்கிலேயே லடாக் வரை போய்வந்த தைரியசாலி. அவன் சொல்லியும் கேட்கவில்லை. அவள் மனசை மாற்ற நல்ல புத்தகம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், வாங்கித் தருகிறேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: லடாக்கில் இருக்கிற லே நகரம் கடல்மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திருச்சியிலிருந்து பைக்கில் கிளம்பினால் போக மட்டும் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஏற ஏற மூச்சு வாங்கும், எந்த வளைவில் மண் சரியும் என்று சொல்ல முடியாது. அங்கே போய்வந்த மகன் தைரியசாலி. முந்நூறு கிலோமீட்டர்கூட இல்லாத தரங்கம்பாடிக்கு பஸ் ஏறிய மகள் ஊர்சுற்றி. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதியிருப்பது நீங்கள்தான் ஐயா, நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை.

சரி, அந்தப் ‘பழைய கோட்டை’. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620இல் டேனிஷ்காரர்கள் கட்ட ஆரம்பித்தது. 1845இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். நடுவில் 1706இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கினார், தமிழ் கற்றார், அச்சுக்கூடம் வைத்தார். தமிழில் புதிய ஏற்பாடு அங்கே அச்சாகி 1715இல் வெளிவந்தது. பெண் பிள்ளைகளுக்கு அந்த ஊரில் பள்ளி தொடங்கியது 1707இல். கோட்டைக்குப் பக்கத்திலேயே, கடல் அரித்துத் தின்றது போக மிச்சம் நிற்கிற பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். தமிழ்ப் புத்தகங்களில் இவ்வளவு ஆர்வம் உள்ளவர் அங்கே போகாமல் இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன்.

இனி வாரநாட்களைப் பார்ப்போம். கணக்குப் பிரிவு வேலை எப்படி இருக்கும் என்று எங்கள் அலுவலகத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாதம் 11ஆம் தேதி ஒரு ஜிஎஸ்டி கெடு, 20ஆம் தேதி இன்னொன்று. மார்ச் வந்தால் வீடு வாசல் மறந்துபோகும். காலையில் விடுதிக் குளியலறைக்கு வரிசை. அப்புறம் மின்சார ரயில். மகளிர் பெட்டியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் புத்தகத்தை விரித்தால் பல்லாவரம், மீனம்பாக்கம் தாண்டிப் பரங்கிமலையில் கூட்டம் நெருக்குகிறவரை சில பக்கங்கள் ஓடும். இரவு அறைத்தோழி விளக்கை அணைக்கச் சொல்கிறவரை இன்னும் சில. வேலைக்குப் போகும் பெண்களில் படிக்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் படிக்கிறார்கள், நேரத்தைக் கிள்ளிக் கிள்ளிச் சேர்த்து.

உங்களை உறுத்துவது பணம் என்று எனக்குத் தோன்றவில்லை. பணம்தான் ஒழுங்காக வருகிறதே. அலுவலகத்துக்கும் கொடுக்காமல் வீட்டுக்கும் கொடுக்காமல் ஒரு பெண் தனக்கென்று வைத்துக்கொண்ட நேரம் இருக்கிறது பாருங்கள், அதுதான் உறுத்துகிறது. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் விடியற்காலையில் தட்டி எழுப்பிப் படி, படி என்றவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். பரீட்சை எல்லாம் முடிந்த பிறகும் படிப்பாள் என்று யார் எதிர்பார்த்தது!

இல்லை, செலவுதான் கவலை என்றால் அதற்கு வழி இருக்கிறது. எழும்பூரில் 1896 முதல் கன்னிமாரா நூலகம், கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பழைய புத்தகம் என்றால் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதை. இதெல்லாம் உங்கள் மகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். சுதந்திர இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் வந்தது அன்றைய சென்னை மாகாணத்தில்தான், 1948இல். சொந்த வீடு இருந்தால் நீங்களும் சொத்து வரியோடு நூலக வரி கட்டிக்கொண்டுதான் இருப்பீர்கள். அதைத் திரும்ப வசூலிக்கிற ஆள் உங்கள் குடும்பத்தில் மகள் ஒருவர்தான் போலிருக்கிறது. (படிப்பை ஆதரித்துப் பேசுவதில் பத்திரிகைக்காரனுக்குச் சுயநலம் உண்டு. அதற்கு உரியதைக் கழித்துக்கொள்ளுங்கள்.)

படிக்கிறவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று மேடையில் பேசுவார்கள். நான் பேசமாட்டேன். அலமாரி அலமாரியாகப் படித்த அயோக்கியர்கள் சிலரை எனக்கே தெரியும். உங்கள் மகளுக்குப் பிடித்திருக்கிறது, படிக்கிறார். வேறு காரணம் எதற்கு?

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் மனசுக்குள் இருக்கும். அந்தக் கவலை நியாயமானது. எங்கே தங்குகிறார், எந்த வண்டியில் திரும்புகிறார் என்று தகவல் சொல்லச் சொல்லுங்கள். பெண்கள் உதவி எண் 181, ரயில்வே உதவி எண் 139 இரண்டும் போனில் இருக்கட்டும். ஆனால் தகவல் சொல்வது வேறு, அனுமதி கேட்பது வேறு. லடாக் போன மகனிடம் எதைக் கேட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்கு ‘ஆமாம், அப்படித்தான்’ என்று சொல்லியிருக்கலாம். ஒத்துவராத சம்பந்தம் காபி ஆறுவதற்குள் எழுந்து போயிருக்கும், இரண்டு பக்கத்துக்கும் நேரம் மிச்சம்.

கல்யாணம் ஆனால் எல்லாம் தானாக நின்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை உங்களுக்கு இருக்கலாம். உங்கள் பக்கத்து முசிறியில் 1925இல் பிறந்தவர் எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன். சின்ன வயதிலேயே கல்யாணம் ஆனவர், கல்லூரி பார்த்ததில்லை. அவர்தான் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களிடம் நேரில் போய்ப் பழகி எழுதினார், கொள்ளையர்களைச் சந்திக்கச் சம்பல் பள்ளத்தாக்கு வரை போனார், 1973இல் சாகித்ய அகாதமி விருதும் வாங்கினார். எல்லாமே கல்யாணத்துக்குப் பிறகு. எதற்கும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, புத்தகம் படிக்கிற பெண்ணைத் திருத்த ஒரு புத்தகம் கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒன்று இருந்தாலும் அவர் அதை ஏற்கெனவே படித்து முடித்திருப்பார். வாங்கித் தருவது என்று முடிவு செய்துவிட்டீர்கள், அதை மட்டும் மாற்ற வேண்டாம். என்ன வேண்டும் என்று மகளிடமே கேளுங்கள், பட்டியல் நீளமாக வரும். ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போனால் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. திருச்சியிலிருந்து வருகிற ரயில்கள் தாம்பரத்தில் நிற்கும், எழும்பூர் வரை போக வேண்டியதில்லை.