லோகோ பளபளக்குது, குக்கர் தாங்குமா?

கே: பிரபல கம்பெனி ஒன்று லோகோவை மாற்றியிருக்கிறது. தரமும் கூடியிருக்குமா? (தஞ்சாவூர் வாசகர்)

லோகோ வரைகிறவர் வேறு, மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவர் வேறு. பழைய மாடலுக்கு எத்தனை வருஷ வாரண்டி, புதியதற்கு எத்தனை என்று பாருங்கள். (புது லோகோ மிக்ஸி ஒன்று என் வீட்டுப் பரணிலும் தூங்குகிறது.)

கே: கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிய குக்கர். லோகோ, நிறம் எல்லாம் அதே மாதிரி. வீட்டில் பார்த்தால் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. மூடி ஓரம் ஆவி கசிகிறது. "பார்த்துதானே வாங்கினீங்க" என்கிறார் கடைக்காரர். (திண்டுக்கல் வாசகி)

ஏமாற்றியவர் பேசுகிற பேச்சா இது! முதலில் அந்தக் குக்கரை அடுப்பில் ஏற்றாதீர்கள் அம்மா. ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுங்கள். அதன் மேலே ஐ.எஸ். 2347 என்றும், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். வெறும் முத்திரை மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். எண் இருந்தால், இந்த முத்திரையைத் தரும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போடுங்கள். தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிமம் நடப்பில் உள்ளதா என்பதெல்லாம் வரும். வேறு கம்பெனியின் எண்ணைத் திருடி அச்சடிப்பதும் உண்டு என்பதால் பெயரையும் ஒத்துப் பாருங்கள்.

லோகோவை எவரும் பார்த்து வரைந்துவிடலாம். நம் ஆட்களோ நிறம் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம் நிற்பார்கள், இந்த எண்ணைப் பார்க்க அரை நிமிஷம் குனியமாட்டார்கள். 2021 பிப்ரவரி முதல் ஐ.எஸ்.ஐ. இல்லாத குக்கரை விற்பதே குற்றம். அத்தகைய குக்கர்கள் தங்கள் தளத்தில் விற்கப்பட்டதற்காக 2022இல் அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம்.

பில், இரண்டு பெயர்களும் தெரியும்படி போட்டோ, இவற்றோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். கடைக்காரர் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. 2 ஆண்டுக்குள் போங்கள்.

கே: நோக்கியா போன் வாங்கினேன். பெட்டியில் எச்.எம்.டி. என்று இருக்கிறது. போலியா? (மதுரை வாசகர்)

அந்தப் பெயரை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. நோக்கியா பெயரை உரிமம் பெற்று போன் விற்கும் கம்பெனி அது. 2023இல் நோக்கியா தன் லோகோவை மாற்றியபோதும் இந்த போன்களில் பழைய லோகோவே தொடர்ந்தது. பழைய பெயர்களில் வரும் டி.வி.க்களிலும் இதே கதைதான். பெட்டியின் பக்கவாட்டில் 'தயாரிப்பாளர்' என்று பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். சர்வீஸ் கொடுக்கப்போவது யார் என்று அதை வைத்து விசாரியுங்கள்.

கே: இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் லோகோ அம்சமாக இருந்தது, நம்பி ஜிபே செய்தேன். பொருள் வரவில்லை, பக்கமும் காணோம். பதினைந்து நாளாகிறது. (கோவை வாசகர்)

முகவரி இல்லை, பில் இல்லை, லோகோவுக்கா பணம் கட்டினீர்கள்? யு.பி.ஐ. பரிவர்த்தனை எண்ணை எடுத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். அன்றே அழைத்திருந்தால் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம். பதினைந்து நாள் கழித்து எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்!