ஆஞ்சியோகிராமுக்கு முந்தின நாள் ராத்திரியிலருந்தே பட்டினி கெடக்கணுமா?

அம்மாவுக்கு ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கான்னு பாக்குற டெஸ்ட்டு), ராத்திரி பத்து மணிக்கு மேல பச்சத்தண்ணி கூட கூடாதுங்கறாங்க, நெசமாவே அவசியமான்னு கேட்டுருக்கீங்க. அம்மாவுக்கு சுகர் இருக்கும்னே வச்சுக்கிறேன், அந்த வயசுல நம்மூர்ல யாருக்குத்தான் இல்ல.

எங்கப்பாவுக்கும் இதத்தான் சொன்னாய்ங்க. மேலூர்லருந்து வெள்ளனா கெளம்பி மதுரைக்கு வந்து, கவுன மாட்டி படுக்க வச்சாச்சு, மொத கேஸே அவருதான்னாங்க. அதுக்குள்ள உசிலம்பட்டி பக்கத்துலருந்து அட்டாக்னு ஒருத்தர ஆம்புலன்ஸ்ல கொண்டாந்து நேரா உள்ள எடுத்தாங்க. உசுரு போற கேஸு, அத நான் குத்தம் சொல்லல. ஆனா அவரு சம்சாரம் வெளிய நின்னு அழுதுகிட்டே சொன்னுச்சு, "இட்லியும் குடல் குழம்பும் சாப்ட்டு கை கழுவப் போனாருண்ணே, அப்டியே நெஞ்சப் பிடிச்சுட்டு உக்காந்துட்டாரு"ன்னு. அம்புட்டும் வயித்துல இருக்க, அடைப்பு எடத்துல ஸ்டென்ட்ங்கற சின்ன வலைக்குழாய வச்சு நல்லபடியாத்தான் வெளிய வந்தாரு. ராத்திரியே வாயக் கட்டுன எங்கப்பா மத்தியானம் வரைக்கும் காஞ்சு கெடக்காரு, "நாக்கு ஒட்டுதுடா, ஒரு மடக்கு குடுறா"ன்னு. சுகர் மாத்திரைய வழக்கம்போல காலைல போட்டுட்டு வந்துருக்காரு, அத நிறுத்தணும்னு அவிய்ங்க குடுத்த சீட்டுல ஒரு வார்த்த இல்ல. திடீர்னு வேர்த்து ஊத்துது, கை நடுங்குது, விரல்ல குத்திப் பாத்தா சுகர் 58. அப்பறம் ஓடியாந்து குளுக்கோஸ் ஏத்துனாங்க.

"நீ என்ன பெரிய டாக்டரா"ன்னு ஒருத்தர் வருவாரு, இல்லங்க. டாக்டர் பேச்ச மீறி தோசையத் தின்னுட்டுப் போங்கன்னும் நான் சொல்லல. ஆனா 2024ல லண்டன்ல நடந்த ஐரோப்பிய இதய டாக்டர்கள் மாநாட்டுல ஸ்காஃப்னு ஒரு ஆஸ்திரேலியா ஆய்வு சொன்னாங்க. ஆஞ்சியோ, ஸ்டென்ட் மாதிரி குழாய் விட்டுப் பண்ற ரூமான கேத் லேப்புக்கு வந்த கேஸு 716 பேரு, ஒரு பாதிய பட்டினி போட்டு, இன்னொரு பாதிய எப்பவும்போல சாப்ட விட்டுப் பாத்துருக்காங்க. புரையேறி நிமோனியா, பிபி எறங்குறது, சுகர் ஏறுறது எறங்குறது எல்லாஞ் சேத்து பட்டினி ஆளுகள்ல 19 சதவீதம் பேருக்கு தொந்தரவு, சாப்ட்டவங்கள்ல 12தான். மயக்க மருந்து குடுத்தா வாந்தி நுரையீரலுக்குள்ள போயிரும்னுதான் இந்த பட்டினியே. ஆஞ்சியோல பெரும்பாலும் மணிக்கட்டுலயோ தொடையிலயோ மரத்துப்போற ஊசி மட்டும்தான், ஆளு முழிச்சுத்தான் இருப்பாரு.

  

நீங்க முந்தின நாளே போன் போட்டு எத்தனாவது கேஸு, சுகர் மாத்திரை இன்சுலின் என்ன செய்ய, தண்ணி எதுவரைக்கும் குடிக்கலாம்னு கேட்டு எழுதி வாங்கிருங்க. மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை போட்டா, கிட்னில கோளாறு இருந்தா அதையும் சொல்லிருங்க, ரத்தக்குழாய் படத்துல தெரிய உள்ள விடுற டை, அதாவது சாய மருந்து, கிட்னி வழியாத்தான் வெளியேறும். கேஸு தள்ளிப் போச்சுன்னா தயங்காம நர்ஸ்ட்ட சுகர் பாக்கச் சொல்லுங்க. இதெல்லாம் ஆஞ்சியோவுக்குத்தான். பைபாஸ்னாலோ, தொண்டை வழியா குழாய விட்டு எக்கோ எடுக்குறதுனாலோ அவங்க சொன்ன நேரத்துலருந்து பட்டினிதான், அதுல பேரமே பேசாதீங்க.