எலி பிடிக்கும் பூனைக்கு எலியிடமிருந்து வைரஸ் தொற்றுமா?

வயல் எலி தின்னும் உங்கள் பூனைக்கு வைரஸ் ஏதும் தொற்றுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இது பழைய கவலைதான். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீடு. மாரி தொடங்கினால் எங்கள் கறுப்பி நாளுக்கு ஒரு எலியாவது குசினி வாசலில் போட்டுவிட்டுப் போகும். தலை அதற்கு, மிச்சம் நமக்கு.

தொற்றலாம். ஆனால் எலிதான் முதல் எதிரி என்று நினைக்க வேண்டாம்.

எலியிடமிருந்து பூனைக்கு வரும் வைரஸுக்கு நல்ல உதாரணம் மாட்டம்மை. பெயரில்தான் மாடு. அது உண்மையில் குடியிருப்பது ஐரோப்பாவின் காட்டெலிகளிலும், வோல் எனப்படும் குட்டைவால் எலிகளிலும். வேட்டையில் எலி திருப்பிக் கடித்த இடத்தில், பெரும்பாலும் முகத்திலோ முன்காலிலோ, முதலில் ஒரு புண் வரும். அப்புறம் உடம்பெல்லாம் பொருக்குத் தட்டும். அநேக பூனைகள் தேறிவிடும். பூனையிடமிருந்து மனிதருக்கும் ஒட்டும். 1973-74இல் மாஸ்கோ மிருகக்காட்சிசாலையின் பெரும்பூனைகள் இந்த வகை அம்மையால் விழுந்தபோது, அவற்றுக்கு இரையாகப் போட்ட வெள்ளை எலிகளிலும் அது இருந்தது. ஆனால் இது ஐரோப்பாவையும் அதை ஒட்டிய பகுதிகளையும் சேர்ந்த நோய், நம் ஊர் வயலுக்குரியதல்ல.

நம் வீட்டில் நடந்தது வேறு. கறுப்பியின் இரண்டு குட்டிகள் மஞ்சளாக நுரை கக்கின. தண்ணீர்க் கோப்பைக்கு மேலே தலையைத் தொங்கப் போட்டபடி, குடிக்காமல் அப்படியே இருந்தன. "எலியைத் தின்னவிட்டா இப்பிடித்தான்" என்றார் பக்கத்து வீட்டு அன்ரி. பால்குடி மாறாத அந்தக் குட்டிகள் எலியைக் கண்ணால்கூடக் கண்டதில்லை! மிருக வைத்தியர் பார்த்துவிட்டுப் பூனைப் பார்வோ என்ற வைரஸ் நோய் என்றார். அது நோயுற்ற பூனையின் மலத்திலிருந்து வருவது, நம் செருப்பிலும் ஒட்டி வீட்டுக்குள் வரும், ஒரு வருடம் வரை சாகாமல் கிடக்கும். நான் டெட்டோல் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன், அதற்கு இது மசியாது, ப்ளீச் வேண்டும். குட்டிகள் இரண்டும் செத்துப்போய்விட்டன. ஊசி போட்டிருந்த கறுப்பிக்கு ஒன்றுமில்லை.

அதனால் பார்வோ ஊசியையும் விசர் (ரேபிஸ்) ஊசியையும் முதலில் போடுங்கள். விசரும் வைரஸ்தான், ஆனால் அது எலியால் வருவது மிக அரிது, நாய்தான் முக்கிய காரணம்.

எலியால் எனக்குள்ள பயம் வேறு: யாராவது வைத்த எலிப் பாஷாணம். நஞ்சு தின்ற எலி தள்ளாடும், பூனைக்குச் சுலபமாக அகப்படும். பல் முரசு வெளிறினால், மூக்கால் இரத்தம் வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். செத்த எலியை வெறுங்கையால் எடுக்கவும் வேண்டாம், எலிக்காய்ச்சல் கிருமி அதன் சிறுநீரில் இருக்கும். நான் சொப்பிங் பையைக் கையில் மாட்டித்தான் எடுக்கிறேன்.