மீப்பாய்மத்துக்கு அணுக்கணக்கு எதற்கு?

பயனுறு புலக்கோட்பாட்டைக் கொண்டு, அதாவது நுண்ணிய விவரங்களை விட்டுப் பெரிய அளவில் மிஞ்சுபவற்றை மட்டும் விவரிக்கும் முறையால், பாய்மங்களை ஆராய்வது பற்றி வேலூர் வட்டாரத்து மாணவர்களும் ஆசிரியர்களும் கேட்டவையும் என் பதில்களும்.

கே: அணுக்களை விட்டுவிட்டுத் திரவத்தை விவரிப்பது ஏமாற்று வேலை இல்லையா? (கல்லூரி மாணவி, காட்பாடி)

ப: இல்லை அம்மா. 2021 நவம்பரில் பாலாறு பெருகியபோது கரையோர மக்களுக்கு நீர்மட்டமும் வேகமும்தான் தெரிய வேண்டியிருந்தன, மூலக்கூறின் வடிவம் அல்ல. பெரிய அளவில் எவை மிஞ்சுகின்றன, எந்தச் சமச்சீர் (எதை மாற்றினாலும் விதிகள் மாறாத தன்மை) அவற்றைக் கட்டுகிறது என்பதுதான் கேள்வி. விட்டுப்போனவற்றால் வரும் பிழையையும் இக்கோட்பாடே மதிப்பிட்டுத் தரும்.

கே: மீப்பாய்மத்தில் எது மிஞ்சும் ஐயா? (முதுகலை மாணவர், குடியாத்தம்)

ப: ஒரே ஒரு புலம், தம்பி. ஹீலியம்-4 சுமார் 2.17 கெல்வினுக்குக் கீழே மீப்பாய்மமாகிறது, அதாவது உராய்வின்றி ஓடுகிறது. திரவம் முழுவதும் ஒரே அலைக்கட்டத்துக்கு (அலை தன் சுழற்சியில் எங்கே நிற்கிறது என்பதற்கு) உட்படுகிறது. அந்தக் கட்டத்தின் மெல்லிய அசைவே ஃபோனான், அதாவது ஒலியின் சிறு பொட்டலம். அழகு அடுத்த படியில் இருக்கிறது. அழுத்தத்தை வேதிநிலையாற்றலின் (ஒரு துகளைக் கூடுதலாகச் சேர்க்கத் தேவைப்படும் ஆற்றலின்) சார்பாக எழுதுங்கள். அந்த நிலையாற்றல் இருக்கும் இடத்தில் கட்டத்தின் கால, இட மாறுபாடுகள் சேர்ந்த கோவையை வையுங்கள். இயக்கச் சமன்பாடுகளைத் தரும் லக்ராஞ்சியன் தயார்! சார்பியல் மீப்பாய்மங்களுக்கு இதை 2002இல் இயற்பியலாளர் டாம் தான் சன் தெளிவாக எழுதினார்.

இதன் பலனைப் பாருங்கள். ஹீலியத்தில் ஒலிவேகம் தாழ்ந்த அழுத்தத்தில் நொடிக்கு ஏறத்தாழ 238 மீட்டர். 25 வளிமண்டல அழுத்தத்தில் 360ஐத் தாண்டுகிறது. அடர்த்தியோடு வேகம் எப்படி ஏறுகிறது என்று அளந்துவிட்டால், மூன்று ஃபோனான்கள் ஒன்றையொன்று பாதிக்கும் வலிமையும் கைக்கு வந்துவிடும். தனியாக எதையும் ஊகிக்க வேண்டாம்.

கே: எங்கே இது பொய்த்துப்போகும்? (ஆசிரியர், ராணிப்பேட்டை)

ப: அலைநீளம் அணுக்களின் இடைவெளியை நெருங்கும்போது. ரோட்டான் என்னும் குறுகிய அலைநீளக் கிளர்ச்சி அங்கேதான் இருக்கிறது.

கே: சாதாரண நீருக்கும் இதே வழியா? (மாணவர், ஆற்காடு)

ப: அது கடினம். பாய்மத் துகள்களின் பெயரட்டைகளைக் கன அளவு மாறாமல் எப்படி மாற்றினாலும் ஆற்றல் மாறாது. அதனால் சுழல் அசைவுகளை மீட்டிழுக்கும் விசையே இல்லை. குவாண்டம் கணக்கு இங்கே திணறுகிறது. பாகுநிலையை (திரவத்தின் உள் உராய்வை) சேர்க்கக் காலப்பாதையை இரட்டிக்கும் ஷ்விங்கர்-கெல்டிஷ் முறை வேண்டும்.

கே: காவலூர் தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு வந்தேன். விண்மீன்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? (பள்ளி மாணவி, வாணியம்பாடி)

ப: உண்டு கண்ணு. நொடிக்குச் சுமார் 11 முறை சுழலும் வேலா துடிவிண்மீன் (சீராகத் துடிக்கும் நியூட்ரான் விண்மீன்) 1969இல் திடீரென வேகம் கூட்டியது பதிவானது. உள்ளே நியூட்ரான் மீப்பாய்மச் சுழல்கள் பிடி தளர்வதே காரணம் என்று பலர் கருதுகிறார்கள். அந்த மீப்பாய்மத்தின் ஒலியை விவரிக்கும் லக்ராஞ்சியனும் இதே வடிவம்தான். அழுத்தச் சார்பு மட்டும் வேறு.